குளோரினும் குடமும் – கடிதம்

ஐயா,
குடிநீர் வாரிய ஒப்பந்தப் பணிகளில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தென் சூடான் அகதி முகாம் ஒன்றுக்குத் தண்ணீர்ப் பொறுப்பாளராக அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு மாதம் இருக்கிறது. எதைக் கற்றுக்கொண்டு போகலாம்?
ச., கொளத்தூர்

அன்புள்ள ச.,

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

குழாயும் பம்பும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர் என்று நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு சொல்லும் கணக்கை ஒரு மாலையில் படித்துவிடலாம். கை பழக வேண்டியது குளோரினில்.

நம் பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான். முகாம்களில் பெரும்பாலும் கிடைப்பது எச்.டி.எச். என்ற வீரியம் கூடிய குளோரின் தூள்; அதில் 65 முதல் 70 சதவீதம். இங்குள்ள பழக்கத்தில் லிட்டருக்கு 33 கிராம் கரைத்தால் இரட்டிப்பாகிவிடும். வாடை தாங்காமல் சனங்கள் ஆற்றுத் தண்ணீருக்கே திரும்பிவிடுவார்கள், காலராவும் அந்த வழியில்தான் வரும். எச்.டி.எச்.ஸை லிட்டருக்கு 15 கிராம் போட்டால் 1 சதவீதக் கரைசல். பிளாஸ்டிக் வாளியில், தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது.

அளவை வாளிச் சோதனை சொல்லும். நான்கு 20 லிட்டர் வாளிகளில் 2, 4, 6, 8 மில்லி கரைசலை விட்டு, அரை மணி நேரம் கழித்து மீதமுள்ள குளோரினை அளங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டும் வாளிதான் உங்கள் அளவு. அது 4 மில்லி வாளியானால் 10,000 லிட்டர் டேங்குக்கு 2 லிட்டர் கரைசல். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, கலங்கல் 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இறங்கிய பிறகுதான் குளோரின். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒரே இரவில் மாறும், அதனால் சோதனையைத் தினமும் செய்யுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. குழாயடியில் 0.5 காட்டியதும் ஏட்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயிலும், பாசி பிடித்த கேனும், உள்ளே விடும் கையும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் அதைப் பூஜ்யமாக்கிவிடும். குடிசைக்குள் போய், குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை அளங்கள். 0.2க்குக் கீழே இருந்தால் கேன்களைக் கழுவ ஏற்பாடு செய்து, குழாயடி அளவையும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

அளக்கும் பெட்டியை இப்போதே வாங்கி, வீட்டுச் சம்பிலும் கிணற்றுத் தண்ணீரிலும் பழகுங்கள். மீதமுள்ள, அதாவது வேறெதோடும் சேராமல் நிற்கும் குளோரினை அளக்க டிபிடி 1 என்ற மாத்திரை. டிபிடி 3, சேர்ந்ததும் சேராததுமான மொத்தக் குளோரினுக்கானது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.