ஹேசன் பிங்க்ரி: 1897-இல் மேயரா, ஆளுநரா?

வணக்கம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர் ஹேசன் பிங்க்ரியைப் பற்றிக் கட்டுரை எழுதும் தாங்கள், 1897-ஆம் ஆண்டு அவருடைய மேயர் பதவிக்காலத்திலும் அந்நகரம் உள்ள மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநர் பதவிக்காலத்திலும் இடம்பெறுவதைக் கண்டு, இவற்றுள் எது பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. 1890 முதல் மேயராக இருந்த அவர், 1896 நவம்பரில் ஆளுநராகத் தேர்வாகி, ஜனவரியில் பொறுப்பேற்ற பின்னரும் மேயர் பதவியை விட மறுத்தார். ஒருவரே இரண்டையும் வகிக்க முடியாதென மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, மார்ச்சில் விலகினார். டிராம் கட்டணத்தை 3 சென்ட்டாகக் குறைக்க அவர் தனியார் நிறுவனங்களோடு நடத்திவந்த போராட்டம் முடியாதிருந்ததே இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

கட்டுரையில் பதவிப் பட்டியலைவிட உருளைக்கிழங்குத் திட்டத்துக்கே கூடுதல் இடம் தாருங்கள். 1893-இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்கள் பயிரிட்டுப் பிழைக்கட்டும் என்று, மறு ஆண்டு நகரின் காலிமனைகளை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கிப் பகிர்ந்தளித்தார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. விதைக்கும் கருவிகளுக்கும் தேவாலயங்களில் திரண்ட நன்கொடையோ சொற்பம். அதனால் தாம் ஆசையாக வளர்த்த குதிரையையே ஏலத்தில் விற்றுப் பணம் கொடுத்தார். அறுவடை நன்றாக அமைந்ததும் வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் சிறையில் கைதியாக இருந்ததையும், காலணித் தொழிலில் செல்வந்தரானதையும் ஓரிரு வரிகளில் சொன்னால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1901-இல் அவர் இறந்தது லண்டனில், டெட்ராய்ட்டில் அல்ல.