ஸ்லேட்டர் கொடுத்தனுப்பிய கேள்வித்தாள்

அன்புள்ள ஐயா,

கிராம ஆய்வுகள் பற்றிய கட்டுரையில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் பொருளாதாரம் எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் பாடத்தில் அவர் பெயரே கிடையாது. தன் பெயரில் ஒரு கோட்பாடுகூட இல்லாத பேராசிரியரை இன்று எதற்குப் படிக்க வேண்டும்?

ஒரு மாணவர், விழுப்புரம்

அன்புள்ள நண்பருக்கு,

விழுப்புரத்திலிருந்து எழுதுகிறீர்கள். அப்படியானால் இந்தக் கதையில் உங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றும் இருக்கிறது.

ஸ்லேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். அப்போதே ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் ஆக்ஸ்போர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்று தொடங்கப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்துக் கிராமங்களின் பொது வயல்கள் எப்படித் தனியார் வேலிக்குள் போயின, சிறு குடியானவன் கதி என்ன ஆயிற்று என்று 1907-இல் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பழகிய மனிதர். இங்கேயும் அதையே கேட்டார்.

ஆனால் கேட்ட விதம்தான் புதிது. மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்தனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள்? உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு, மற்றும் தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் கணக்கு 1918-இல் புத்தகமாக வந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அன்று கல்லூரிக்கு வர முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். திண்ணையில் உட்கார்ந்து சேரியைப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அந்த அறிக்கைகளில் தெரிகிறது. நீங்கள் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

சரி, கோட்பாடு இல்லை. ஆனால் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் 1930-களில் அதே ஊர்களை மறுபடி ஆராயப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய ஆய்வாளர்கள் போனார்கள். ஒரு பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் எப்படித் தளர்ந்தது, கூலியாட்கள் வயலை விட்டு வேறு வேலைக்கு எப்படிப் போனார்கள் என்று, முதல் கணக்கெடுத்த 1916-இலிருந்து 92 வருடத்துக்குச் சேர்த்துப் பார்க்க முடிகிறது. 1916-இல் யாரும் எண்ணி வைக்கவில்லை என்றால் எதோடு ஒப்பிடுவது? என்னைக் கேட்டால், பாடத்தில் இடம்பிடித்த பல கோட்பாடுகளைவிட இந்தக் கணக்குக்கு ஆயுசு அதிகம்.

அவர் 1921 வரைதான் இங்கே பேராசிரியர். அப்புறம் திராவிடப் பண்பாடு பற்றியும் 1924-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் துணிச்சலான ஊகங்கள் நிறைய. அதைப் பிறகு பேசலாம்.

முதலில் 1918 புத்தகத்தில் இருவேல்பட்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.