கடல்வழி மறிக்கப்பட்டால் கூடுதல் கப்பல் வாடகை யார் தலையில் விழும்?

கேள்வி: மும்பை தாராவியில் தோல் பைகள் தயாரித்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அனுப்புகிறோம். அடுத்த பருவத்துக்கு சிஐஎஃப் விலையில் (சரக்கு, இன்சூரன்ஸ், கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்த விலை) ஒப்பந்தம் பேசி வருகிறோம். செங்கடலோ ஹோர்முஸோ மறிக்கப்பட்டால் கூடுதல் செலவை நாங்களே ஏற்க வேண்டுமா? இன்சூரன்ஸில் ஈடு கிடைக்குமா?

பதில்: சிஐஎஃப் விலையில் கையெழுத்திட்டால், ஹாம்பர்க் வரையிலான வாடகை எவ்வளவு ஏறினாலும் அது உங்கள் கணக்கில்தான் சேரும். தாமதத்தால் வரும் நட்டத்துக்கு வழக்கமான சரக்கு இன்சூரன்ஸ் ஒரு ரூபாயும் தராது. ஒரு கடல்வழி எப்படி மூடுகிறது என்று தெரிந்தால்தான் ஒப்பந்தத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது விளங்கும்.

கடல் முற்றுகை செல்லுபடியாக வேண்டுமானால் அதை உண்மையிலேயே அமல்படுத்தும் படைபலம் இருக்க வேண்டும் என்று 1856ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் வகுத்தது. இன்று அவ்வளவு தேவைப்படுவதில்லை. 2023 நவம்பரில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹவுதிகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றி, அடுத்தடுத்துத் தாக்குதல்களும் நடத்திய பிறகு, டிசம்பர் நடுவிலேயே பெரிய கன்டெய்னர் நிறுவனங்கள் பலவும் செங்கடலை விட்டு விலகின. செங்கடலின் தெற்கு வாயிலான, சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாப் எல் மந்தெப் நீரிணையைச் சட்டப்படி யாரும் மூடவில்லை. வழியை மூடியதில் ஏவுகணைக்கு இருந்த பங்கு போர் அபாய பிரீமியத்துக்கும் இருந்தது. லண்டன் காப்பீட்டுச் சந்தை ஒரு கடற்பகுதியை அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் கேட்கப்படும். 2024 தொடக்கத்தில் அது கப்பல் மதிப்பில் 1 விழுக்காட்டை நெருங்கியது. 10 கோடி டாலர் பெறும் கப்பலுக்கு ஒரு தடவைக்கு 10 லட்சம் டாலர் என்றால், மாலுமிகளின் உயிரைப் பணயம் வைக்காமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதே மேல் என்றுதான் எந்த உரிமையாளரும் முடிவெடுப்பார்.

அப்படிச் சுற்றுவதன் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மும்பையிலிருந்து லண்டனுக்கு சூயஸ் வழியே சுமார் 6,200 கடல் மைல்; நன்னம்பிக்கை முனை வழியே சுமார் 10,700. மணிக்கு 16 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பலுக்குப் போக்கில் 12 நாட்கள், வரவில் 12 நாட்கள் கூடுகின்றன. போய்வர எட்டு வாரம் பிடிக்கும் தடத்தில் வாரம் ஒரு கப்பல் புறப்பட எட்டுக் கப்பல்கள் போதும் என்றால், இப்போது அதே சேவைக்கு மேலும் மூன்று நான்கு கப்பல்கள் வேண்டும். உலகில் கப்பல்களின் எண்ணிக்கை குறையாமலேயே தட்டுப்பாடு பிறப்பது இப்படித்தான். காலிக் கன்டெய்னர்கள் மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகத்துக்குத் திரும்பவும் அதே அளவு தாமதமாகும் என்பதால், செங்கடல் பக்கமே போகாத தடங்களிலும் வாடகை ஏறுகிறது.

பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வேறு வகை. அங்கே சுற்றிப்போகக் கடல்வழியே இல்லை. 2024இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் வழியே சென்றது. சவூதியும் அமீரகமும் வைத்திருக்கும் குழாய்ப்பாதைகள் அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்கும். உங்கள் பைகள் அந்தப் பக்கம் போவதில்லை என்றாலும், கப்பல் எரிபொருள் விலையிலும், பசை, உள்துணி, பிளாஸ்டிக் ஜிப் ஆகியவற்றின் விலையிலும் அது உங்களைத் தேடி வரும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். சிஐஎஃப் முறையில் சரக்கு கப்பலில் ஏறியதுமே இழப்பின் அபாயம் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. வாடகை மட்டும் உங்களிடமே தங்குகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வாங்குபவர் இசைந்தால் எஃப்ஓபி முறைக்கு (கப்பலில் ஏற்றும் வரை உங்கள் செலவு, அதன்பின் வாடகை வாங்குபவருடையது) மாறுவதே நல்லது. இசையாவிட்டால், இன்னின்ன தேதியின் வாடகையை வைத்தே விலை சொல்லப்பட்டது என்றும், அதன்பின் கப்பல் நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணம் (சர்சார்ஜ்) வாங்குபவரைச் சேரும் என்றும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஹாம்பர்க் வந்துசேரும் தேதிக்கு அபராதம் விதிக்கும் ஷரத்தை ஏற்கவே வேண்டாம். சிஐஎஃப் விற்பனையாளரின் கடமை உரிய தேதிக்குள் ஏற்றி அனுப்புவதே. பணம் பெறும் கெடுவும் சரக்கு சேர்ந்த நாளிலிருந்து அல்லாமல், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இல்லையேல் கப்பல் சுற்றும் 12 நாட்களுக்கும் வங்கி வட்டி உங்களுடையது. அந்த பில்லின் பின்புறப் பொடி எழுத்தையும் படியுங்கள். அபாயம் என்று கருதினால் வழியிலுள்ள வேறொரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் வழக்கமாக அங்கேதான் வைத்துக்கொள்கின்றன.

இன்சூரன்ஸில் ஏ, பி, சி என எந்தப் பிரிவை எடுத்தாலும் போர் இழப்பு விலக்கப்பட்டிருக்கும்; போர் ஷரத்தைத் தனியே சேர்க்க வேண்டும். அதையும் காப்பீட்டாளர் ஏழு நாள் அறிவிப்பில் விலக்கிக்கொள்ள முடியும் என்பதால், சரக்கு ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். தாக்கப்பட்ட கப்பலைக் காப்பாற்றும் செலவை, சேதமடையாத சரக்கின் உரிமையாளர்களும் பகிர வேண்டிய ஜெனரல் ஆவரேஜ் சுமையும் அந்த ஷரத்து இருந்தால்தான் காப்பீட்டாளரைச் சேரும்.

பயண மாற்றத்தால் ஏற்பட்டு, வாங்குபவரிடம் வசூலிக்க முடியாமல் போகும் கூடுதல் போக்குவரத்துச் செலவை அரசியல் அபாயமாகக் கருதி ஈடு தரும் பாலிசிகள் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் உண்டு. அதன் தலைமையகம் மும்பையிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உங்களிடம் உள்ள பாலிசியில் அந்தப் பிரிவு உண்டா, எத்தனை விழுக்காடு ஈடு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.