மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கினால் பிளாஸ்டிக் உறைக்கான கடமை முடிந்துவிடுமா?

சொந்தப் பெயர் அச்சிட்ட உறையில் தின்பண்டங்களை மூன்று மாநிலங்களில் விற்கும் நடுத்தர நிறுவனம் உங்களுடையது என்று சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். மறுசுழற்சி செய்பவர்களிடம் வாங்கும் சான்றிதழ் மட்டும் போதாது. இந்தியாவில் 2022 பிப்ரவரியில் வந்த, பிளாஸ்டிக் உறைக் கழிவுக்கு நிறுவனங்களையே பொறுப்பாக்கும் வழிகாட்டு நெறிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் பதிவு செய்து, ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். உறையின் வகையே மறுசுழற்சி இலக்கைத் தீர்மானிக்கிறது: அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பல அடுக்கு உறை மூன்றாம் வகை என்பதால், 2024-25இல் குறைந்தது 30 விழுக்காடாக இருந்த இலக்கு படிப்படியாக உயர்ந்து, 2027-28 முதல் குறைந்தது 60 விழுக்காடு மறுசுழற்சிக்குச் சென்றாக வேண்டும், மறுசுழற்சிக்கு உதவாதது மட்டுமே சாலை போடவோ சிமென்ட் சூளைக்கோ போகலாம். இலக்கு தவறினால் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிய பிறகும் நிறைவேற்றாத அளவு மூன்று ஆண்டுகள் வரை பாக்கியாகவே தொடரும், அது மிகச் சரியான ஏற்பாடு. ஆகவே, மறுசுழற்சிக்கு எளிதான ஒரே வகை பிளாஸ்டிக் உறைக்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்கள்.