புது சாண்டன் 508 கம்ப்ரசர் இறுகுகிறதா?

கார் ஏசியில் பழைய யார்க் கம்ப்ரசரை எடுத்துவிட்டு மாட்டப்போகும் சாண்டன் 508 கையால் சுற்ற வரவில்லை என்கிறீர்கள். எதைச் சுற்றினீர்கள்? கிளட்சுக்குக் கரண்ட் இல்லாதபோது புல்லி தனியாகச் சுழல வேண்டும். அது இறுகினால் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) புல்லிக்கும் அதன் முன்னால் உள்ள முன்தட்டுக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் இடைவெளியைப் பாருங்கள், 0.4 முதல் 0.8 மி.மீ. வேண்டும்.

கம்ப்ரசர் தண்டோடு சேர்ந்து சுழலும் அந்த முன்தட்டுதான் இறுகுகிறதென்றால், பெரும்பாலும் பிஸ்டன் மேல் எண்ணெய் தேங்கியிருக்கும். குழாய் மாட்டும் துவாரங்களின் மூடிகளை மெதுவாகத் தளர்த்துங்கள், உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருக்கலாம். துவாரங்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, முன்தட்டைப் பத்துச் சுற்றாவது கையால் சுற்றுங்கள். வடியும் எண்ணெயை அளந்துவையுங்கள். அதே அளவு புது எண்ணெய் திரும்ப உள்ளே போக வேண்டும்.

தயவுசெய்து பெல்ட் போட்டு இன்ஜினால் சுற்றவைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் அமுங்காது, உள்ளே இருக்கும் மெல்லிய தகடான ரீட் வால்வுதான் உடையும். சீரான லேசான இறுக்கம் புதுசுக்கு இயல்பு. வடித்த பிறகும் ஒரே இடத்தில் முட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.