பிக்கிள்போல் ஆடுகளம்: மேற்பூச்சுக்கு முன் அடித்தளத்தை விசாரியுங்கள்

கேள்வி: எமது விளையாட்டுக் கழகக் காணியில் ஒரு பிக்கிள்போல் (துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலாக அடித்து ஆடும் விளையாட்டு) ஆடுகளம் அமைக்கத் தீர்மானித்துள்ளோம். ஒப்பந்தகாரர் ஒருவர் மொத்தத் தொகையாக விலைமனு தந்து, மாரி மழைக்கு முன் முடித்துத் தருவதாகவும் பாதிப் பணத்தை முற்பணமாகத் தர வேண்டும் எனவும் கூறுகிறார். அக்ரிலிக் பூச்சு நல்லதா, பிளாஸ்டிக் டைல்ஸ் நல்லதா?
— கழகச் செயலாளர், கல்லடி

பதில்: இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதற்கு முன்னர், அந்த விலைமனுவைத் திருப்பிக் கொடுத்து, நிலம் இறுக்குதல், கிறவல், கொங்கிரீட், வடிகால், மேற்பூச்சு, கம்பங்கள், வலை என ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் தனித்தனியே எழுதித் தருமாறு கேளுங்கள். மொத்தத் தொகைக்குள் முதலில் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத அடித்தளமே என்பதால் இதனை வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஆடும் பகுதி 20 அடி அகலமும் 44 அடி நீளமும் கொண்டது. ஆனால் வீரர்கள் ஓடித் திரும்புவதற்கும் சேர்த்துக் குறைந்தது 30 அடிக்கு 60 அடி தேவை, இடமிருந்தால் 34 அடிக்கு 64 அடி சிறந்தது. 30 அடிக்கு 60 அடி தளத்தை 4 அங்குலத் தடிப்பில் போட்டால் 600 கன அடி, அதாவது 6 கியூப் கொங்கிரீட் வேண்டும். விலைமனுவில் அதைவிடக் குறைவாக இருந்தால் தடிப்பு எங்கே குறைகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கல்லடி மண்ணில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அந்த ஈரம் கொங்கிரீட்டின் ஊடாக ஏறினால் அக்ரிலிக் பூச்சு கொப்பளித்து உரியும் என்பதால், தளத்துக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரிப்பது கட்டாயம். கடற்கரை மணலும் உவர்க் கிணற்று நீரும் கலவைக்குள் போகவே கூடாது. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து தளத்தையே வெடிக்க வைக்கும். 10 அடிக்கு 1 அங்குலம் வீதம் ஒரே பக்கமாகச் சரிவு கொடுத்தால் 30 அடி அகலத்தில் 3 அங்குலம் வரும். மழை நீர் ஓட அது போதும். கொங்கிரீட் வேலை முடிந்ததும் தளம் முழுவதும் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தின் பின் நாணயத் தடிப்பைவிட ஆழமாக எங்காவது தேங்கி நிற்கிறதா என்று பார்த்த பின்னரே பூச்சுக்கு அனுமதியுங்கள்.

கொங்கிரீட் 28 நாட்கள் முற்றிய பின்னரே அக்ரிலிக் பூச வேண்டும். பூசும் நாட்களிலும் மழை இருக்கக் கூடாது. ஆகவே மாரிக்கு முன் அவசரமாக முடிப்பதைவிட, வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த பின் தொடங்குவதே எனது தெளிவான ஆலோசனை. பிளாஸ்டிக் டைல்ஸுக்கும் மேடு பள்ளமில்லாத கொங்கிரீட் தளம் வேண்டும் என்பதால் அடித்தளச் செலவு மிச்சமாகாது. பந்தின் எழுச்சியும் அதில் சற்றுக் குறையும். நல்ல தளம் போட்டால் அக்ரிலிக்கையே நான் விரும்புவேன். கம்பங்கள் துருப்பிடிக்காதவாறு நாகம் (துத்தநாகம்) பூசப்பட்டவையாக இருக்கட்டும். கச்சான் காற்று பந்தைத் திசைமாற்றும் என்பதால் மேற்குப் பக்க வேலிக்குக் காற்றுத் தடுப்புத் துணியும் கணக்கில் வரவேண்டும்.

பணத்தை வேலை நிலைகளின்படி கொடுத்து, கடைசிப் பங்கை முதல் மாரி முடியும் வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வலை, பூச்சு, மட்டைகளுக்குப் பற்றுச்சீட்டு பெறுங்கள். குறைபாடு இருந்தால் 3 மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், தொலைபேசி 1977.

கேள்வி: வீட்டு முற்றத்தில் பட்மின்டன் கோடுகளுடன் கொங்கிரீட் தளம் உள்ளது. பிக்கிள்போலுக்குப் புதிதாகத் தளம் போட வேண்டுமா?
— வாசகி, கல்முனை

பதில்: வேண்டாம். இரட்டையர் பட்மின்டன் களமும் 20 அடிக்கு 44 அடிதான். வலையின் இருபுறமும் 7 அடியில் ஒவ்வொரு கோடு கீறி, நடுவில் 34 அங்குலமும் ஓரத்தில் 36 அங்குலமும் உயரமுள்ள, கழற்றி எடுத்து வைக்கக்கூடிய வலையை வாங்கினால் போதும். திறந்தவெளிக்கு 40 துளைகள் உள்ள பந்தைக் கேட்டு வாங்குங்கள். பிக்கிள்போல் மட்டையின் ஒலி பட்மின்டனைவிட மிகவும் உரத்தது. மதிலோடு மதில் வீடுகள் உள்ள கல்முனையில், வலை வாங்குவதற்கு முன்னரே அயலவருடன் விளையாடும் நேரத்தைப் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.