பி.பார்ம் முதல் செமஸ்டர் படிக்கிறேன். மருந்து அளவுக் கணக்குகளுக்கு எந்தெந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்?

மனப்பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பன்னிரண்டு வருடமாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த பாட்டிலைக் கையில் எடுத்தாலும் என் மனம் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் ஒரு மில்லிக்கு எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குள் எப்படிப் பதிந்தது என்று சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் மாலை, எட்டு கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓர் அம்மா சீட்டோடு வந்தார். பாராசிட்டமால் சிரப், 5 மில்லிக்கு 125 மி.கி., வேளைக்கு 4 மில்லி. அந்த சிரப் அன்று தீர்ந்திருந்தது. அதே மருந்துதானே என்று டிராப்ஸ் பாட்டிலை எடுத்து, கவரில் "4 மில்லி" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் கவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு மில்லி டிராப்பர்ல நாலு மில்லியை எப்படிப்பா ஊத்துவாங்க?" அடுத்த நொடி வாசலுக்கு ஓடினார். அந்த அம்மா ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

கணக்கைப் பாருங்கள். அந்த சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மி.கி. நான்கு மில்லி என்றால் 100 மி.கி. குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. எட்டு கிலோவுக்கு 80 முதல் 120. ஆக, டாக்டர் எழுதியது மிகச் சரி. ஆனால் டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கிறது. நான் எழுதிய 4 மில்லியில் 400 மி.கி., அதாவது கிலோவுக்கு 50. ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுத்திருந்தால் அந்தப் பிஞ்சுக் கல்லீரல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கொடுத்திருக்க வேண்டியது ஒரே ஒரு மில்லி.

இதில் எந்தச் சூத்திரமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவையான மி.கி.யை, ஒரு மில்லியில் உள்ள மி.கி.யால் வகுத்தோம், அவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் அலகை எழுதிவிட்டால் எதை எதால் வகுப்பது என்று அலகுகளே காட்டிவிடும்.

சதவீதமும் இதே கேள்விதான். 1% கரைசல் என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 10 மி.கி. எனவே 2% லிக்னோகெயின் மில்லிக்கு 20 மி.கி. "ஆயிரத்தில் ஒன்று" அட்ரினலின் என்றால் 1000 மில்லியில் 1 கிராம். மில்லிக்கு 1 மி.கி. "பத்தாயிரத்தில் ஒன்று" என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. லேபிளில் ஒரு சுழியம் கூடினால் மருந்து பத்து மடங்கு குறையும்.

இன்சுலின் போன்ற சில மருந்துகளுக்கு மி.கி. போய் யூனிட் வரும். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் உண்டு, மில்லிக்கு 100 யூனிட் உள்ள வயலும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 20 யூனிட் போட வேண்டியவர், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. அதில் 50 யூனிட் இருக்கும். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். அதனால் இன்சுலின் கொடுக்கும்போதெல்லாம் "சிரிஞ்சு எது வச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

பெரியவர் டோஸிலிருந்து குழந்தையின் டோஸை வயதாலோ எடையாலோ கணக்கிடும் யங், கிளார்க், டில்லிங் விதிகள் உங்கள் பாடத்தில் இருக்கும், தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும். ஆனால் நான்கு வயது, 16 கிலோ குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். பாராசிட்டமாலின் பெரியவர் டோஸ் 500 மி.கி. என்றால், யங் விதிப்படி வயது 4-ஐ, அதோடு 12 கூட்டிய 16-ஆல் வகுத்து, 500-ஆல் பெருக்கினால் 125 மி.கி. டில்லிங் விதிப்படி வயது 4-ஐ 20-ஆல் வகுத்து, 500-ஆல் பெருக்கினால் 100. கிளார்க் விதியில் எடையைப் பவுண்டாக்கி 150-ஆல் வகுத்து, 500-ஆல் பெருக்கினால் சுமார் 117. கிலோவுக்கு 15 மி.கி. என்று நேரடியாகப் போட்டாலோ 240! பழைய விதிகளால் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் சரியாக இறங்காது. கவுன்டரில் நிற்கும்போது எடையைக் கேளுங்கள். வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அலிகேஷன், அதாவது வெவ்வேறு செறிவுள்ள இரண்டைக் கலந்து வேண்டிய செறிவைப் பெறும் கணக்கு, அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. 90% ஆல்கஹாலைத் தண்ணீர் சேர்த்து 60% ஆக்க வேண்டுமா? 60-லிருந்து தண்ணீரின் 0-வைக் கழித்தால் 60 பங்கு ஆல்கஹால். 90-லிருந்து 60-ஐக் கழித்தால் 30 பங்கு தண்ணீர். இரண்டுக்கு ஒன்று. நான்கு கணக்கு போட்டால் கை பழகிவிடும்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். அரை மி.கி.யை 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 வேண்டாம், புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். அதேபோல 5-ஐ 5.0 என்று எழுதினால் 50 என்று படிப்பார்கள். தைராக்சின் மாத்திரையில் உள்ள 50 என்பது மைக்ரோகிராம், அதாவது 0.05 மி.கி.

இன்று இரவே வீட்டில் இருக்கும் சிரப் பாட்டில்களை எல்லாம் மேசையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் லேபிளையும் படித்து, மில்லிக்கு எத்தனை மி.கி. என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு இந்த ஒரு கணக்கு: 15% பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லி ஆம்பூல். உள்ளே எத்தனை கிராம்? 1.5 என்று வந்தால் சரி.